பென்சிலில் எழுதிய ஜூன்

ஆகஸ்ட் 4, திங்கள்

பொது சுகாதார முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். பக்கங்களில் எண் அச்சடித்திருக்கிறது. அறிமுகப் பயிற்சி நடக்கும் இரண்டு வாரமும் தினமும் எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம், மதிப்பெண் கிடையாது, பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும். பயிற்சியை நடத்தும் தமயந்தி மேடம் மட்டும்தான் படிப்பாராம். மதிப்பெண் கிடையாது என்று சொல்கிற இடத்தில்தான் ஆளை எடை போடுவார்கள் என்பது பன்னிரண்டு வருட அரசு வேலையில் நான் தெரிந்துகொண்டது. ஆகவே மேடம், கையெழுத்தைக் கவனித்து எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகக்கனி. வயது முப்பத்தைந்து. அருப்புக்கோட்டைப் பக்கம் பெருங்கரிசல் என்ற ஊரில் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்சம்மா. வேலையில் இருந்துகொண்டே நர்சிங் பட்டம் முடித்து, இப்போது படிப்பு விடுப்பில் சென்னைக்கு வந்திருக்கிறேன். கணவரும் மகளும் ஊரில்.

காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பெயர், ஊர், ஒழித்துக்கட்ட விரும்பும் ஒரு நோய் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்றார்கள். பதினேழு பேர் புற்றுநோய் என்றார்கள். ஒரு பையன் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். நான் மஞ்சள் காமாலை என்றேன். ஏன் என்று மேடம் கேட்டார். சும்மாதான் மேடம் என்றேன்.

அறைத்தோழி ஷாஹிதா, வாணியம்பாடிப் பல் மருத்துவர். என்னைவிடப் பத்து வயது சிறியவள். "அக்கா, இந்த ஃபேன் ஓடறதே தெரியலயே, தூக்கம் வருமா?" என்றாள். கரண்டே இல்லாத ரூமில் பிரசவம் பார்த்தவள் நான் என்றேன். அவள் பயந்துவிட்டாள். வந்த முதல் நாளே சீனியர் ஆகிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பதிவேடு எழுதும் முறை பற்றி வகுப்பு. மையில் மட்டும் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் பார்த்துவிட்டார். என்ன சிரிப்பு, எழுந்து சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். எங்கள் பக்கம் பதிவேட்டை முதலில் பென்சிலில்தான் நிரப்புவோம். வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் டாக்டர் பார்ப்பார். நாலு துணை சுகாதார நிலையத்துக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் அல்லவா, அதற்காக இங்கே ஒன்று கூட்டச் சொல்வார், அங்கே ஒன்று குறைக்கச் சொல்வார். பிறகு "சரி, மை போடு" என்பார். அதன் பிறகுதான் மை. இப்படிச் செய் என்று எந்த அரசாணையும் கிடையாது. ஆனால் தடுப்பூசிப் பெட்டியை மறந்துவிட்டுக் கிளம்பும் நர்சம்மா உண்டு, ரப்பரை மறந்துவிட்டுக் கிளம்பும் நர்சம்மா கிடையாது.

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அப்போ எதும்மா உண்மை? பென்சிலா, மையா?" என்று கேட்டார். "டாக்டர் கையெழுத்து போட்டது மேடம்" என்றேன். கைதட்டினார்கள்.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலராக இருந்த டாக்டர் ரகுபதி சாரைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். "கனி, நீ சப்-சென்டர்ல கிடக்க வேண்டிய ஆள் இல்ல" என்று சொன்ன ஒரே மனிதர். இந்தப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவர். இப்போது பெரிய பதவிக்குப் போய்விட்டார். பதினான்காம் தேதி நிறைவு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் என் டாக்டர், என் டாக்டர் என்று பீற்றிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் பெருங்கரிசலில் காமாலை பரவியது. முதல் நோயாளி ஜூன் 15. மொத்தம் அறுபத்தொரு பேர். ஒரு மரணம், எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாத குடும்பம். விசாரணை வந்து எனக்கு மெமோ கொடுத்தார்கள். "நான் இருக்கேன்ல, பயப்படாத" என்று சொல்லி, ஒரு எச்சரிக்கையோடு அதை முடித்துவைத்தவர் டாக்டர் சார்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

நூலகம், அடையாள அட்டை, ராகிங் செய்ய மாட்டேன் என்று உறுதிமொழி. முப்பத்தைந்து வயதில் யாரை நான் ராகிங் செய்வது? அட்டையில் என் முகம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவள் முகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று என் நாள். விடுதிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சி. எம்.பி.பி.எஸ். படித்த பிள்ளைகள் சோதனைக் குப்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். நான் பேசிக்கொண்டே இரண்டு சொட்டு விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் காட்டினேன். மஞ்சள் நிறம் வரவே இல்லை. குளோரின் இல்லை. விடுதி வார்டனை மேடம் கூப்பிட்டனுப்ப, தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போட ஆள் ஏறியதை நாற்பத்திரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

வகுப்புப் பிரதிநிதியாக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஷாஹிதாதான் முன்மொழிந்தாள். மகளிடம் போனில் சொன்னேன். "அப்ப நீ க்ளாஸ் லீடராம்மா?" என்றாள். ஆமாம் என்று இரண்டு தடவை சொன்னேன். சந்தோஷமாக இருக்கிறேன் மேடம், நேராகவே எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நோய் பரவலைத் துப்புத் துலக்கும் பயிற்சி. ஆறு பேர் கொண்ட குழுக்கள். குழுவுக்கு ஒரு தாள்கட்டு. ஊர்ப்பெயர் மறைத்து 'கிராமம் அ' என்று போட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் கையால் வரைந்த வரைபடம். காமாலை கண்ட வீடுகளுக்குப் புள்ளி, மரணம் நடந்த வீட்டுக்குப் பெருக்கல் குறி. மேலத்தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில், முதலில் புள்ளி வைத்து, பிறகு அதன் மேலேயே பெருக்கல் குறி போட்டிருந்தது. அந்தக் குறியைப் போட்டவள் நான்.

அது என் வரைபடம். சாக்கடைக்குள் ஓடும் குடிநீர்க் குழாய் உடைந்த இடத்தைச் சிவப்பு மையில் சுழித்திருந்தேன். நகலில் கறுப்பாகத் தெரிந்தது.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "கள செவிலியர் ஜூன் 4 முதல் 14 வரை வீடுகளுக்குச் செல்லவில்லை. நோயாளிகள் இருந்ததை அவர் அறிந்திருக்கவே இல்லை. அவருடைய பதிவேட்டில் முதல் பதிவு ஜூன் 15. இந்தப் பதினொரு நாள் தாமதத்தில்..." அதற்குக் கீழே கேள்வி: தாமதத்துக்குப் பொறுப்பு யார்? அதற்கும் கீழே, தயாரித்தவர், டாக்டர் ரகுபதி.

எங்கள் குழுவுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "ஊர்லயே இருந்திருக்க மாட்டா இந்த நர்ஸ்" என்றாள் ஷாஹிதா. சோம்பேறித்தனத்தை ஒழிக்கிறேன் என்ற பையன், "பார்த்தீங்களா, நான் சொன்ன நோய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஷாஹிதா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கதான் ஃபீல்டுல இருந்தவங்க. பதினோரு நாள் ஒரு வீட்டுக்கும் போகாம இருப்பாங்களா?"

"இருப்பாங்க. சில பேர் அப்படித்தான்" என்றேன்.

ஏழு குழுக்களும் ஒரே விடை. கள செவிலியர்.

ஆகஸ்ட் 9, சனி

தலைவலி. எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டாக்டர் சாருக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். வகுப்பில் அந்தத் தாளைப் பார்த்தேன் சார் என்றேன்.

"அப்படியா, சந்தோஷம். நாலு காலேஜ்ல நடத்துறாங்கம்மா அதை."

"நான் வீடுகளுக்கே போகலன்னு போட்டிருக்கீங்களே சார்."

"உன் பேரு எங்கம்மா இருக்கு அதுல? ஊர் பேர்கூட இல்லையே."

"படம் என்னோடது சார்."

அவர் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார். "கனி, பாடம்னு ஒண்ணு எழுதினா அதுல ஒரு தப்பு யாராவது பண்ணியிருக்கணும். இல்லாட்டி பிள்ளைங்க என்னத்தக் கத்துக்கும்? நீ சின்ன ஆளு, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் அப்படி எழுதினேன். உன்னை அங்க சேர்த்துவிட்டது யாரு? படிக்கிற வேலையைப் பாரு."

சரி சார் என்றுதான் சொன்னேன். பன்னிரண்டு வருடம் அவர் சொன்னதற்கெல்லாம் சரி சார் சொன்ன வாய், அதுவே முந்திக்கொண்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷாஹிதாவின் நோட்டில் டீ கொட்டிவிட்டது. வளாகத்து ஸ்டேஷனரி கடையில் இதே நோட்டு கிடைக்கிறதாம். எண் அச்சடித்த அதே நோட்டு. அவள் ஒன்று வாங்கி முதலில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நானும் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். மேடத்துக்கு அதில் அழகாக எழுதிக் கொடுத்துவிடலாம். ஆக, இந்த நோட்டை இனி யாரும் படிக்கப் போவதில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜூன் 4. மேலத்தெருவில் மூன்று பேருக்குக் கண் மஞ்சள். நானே இமையைத் தூக்கிப் பார்த்தேன். பதிவேட்டில் எழுதினேன், வழக்கம்போலப் பென்சிலில். அன்று மதியமே டாக்டருக்குப் போன். "பன்னெண்டாம் தேதி தரச்சான்று டீம் வருது கனி. தமிழ்நாட்டுலயே முதல் வட்டாரமா வரப்போறோம். இந்த நேரத்துல காமாலைன்னு போனா அவ்வளவுதான். டீம் வந்துட்டுப் போகட்டும். பென்சில்லயே இருக்கட்டும்" என்றார். ஆறாம் தேதி ஏழு பேர். ஒன்பதாம் தேதி பன்னிரண்டு. எல்லாம் பென்சில். ஒரு நாள்கூட நான் வீடுகளுக்குப் போகாமல் இல்லை. அந்தப் பதினொரு நாளில் போன அளவுக்கு என் வாழ்நாளில் போனதில்லை.

டீம் வந்தது, பாராட்டியது, சாப்பிட்டது, போனது. பதினைந்தாம் தேதி டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் அழிச்சிட்டு, இன்னைல இருந்து மை போடு." அவர் மேசையில் உட்கார்ந்துதான் அழித்தேன். ரப்பர் தூளை என் கையாலேயே துடைத்தேன். அன்று சாயங்காலம்தான் குழாயை அடைத்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் பள்ளி வருகைப் பதிவைப் பார்த்து, நாலாம் தேதியிலிருந்தே பிள்ளைகளுக்குக் காமாலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மெமோவுக்குப் பதிலை டாக்டரே ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தார். படித்தேனா என்று என்னை யாராவது கேட்டால், படித்தேன். 'தவறுக்கு வருந்துகிறேன்' என்றிருந்தது. எந்தத் தவறு என்று இல்லை. கையெழுத்து போட்டேன். அவர் தனியாக என்ன எழுதிக்கொடுத்தார் என்பது மூன்று வருடம் கழித்து, வகுப்பறையில், நாற்பத்தொரு பேர் சிரிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

துரோகம் என்று எழுதிப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை. "அக்காவுக்கு வீட்டு ஞாபகம்" என்று ஷாஹிதா எல்லோரிடமும் சொல்லி, எனக்காகத் தயிர் சாதம் வாங்கி வந்தாள். நல்ல பெண்.

அவளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் மேடத்திடம் போகும். மேடத்திடம் போனால் துறைக்குப் போகும். துறை முதலில் கேட்பது பதிவேட்டை. அழித்தது யார் கை? அரசுப் பதிவைத் திருத்தினால் வேலை போகும், இந்தப் படிப்பும் போகும். அவர் வாயால் சொன்னார், நான் கையால் செய்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பழக்கம் இல்லாத குடும்பம் என்று எழுதினேன் அல்லவா. இறந்தவள் முத்துப்பேச்சி. அவளுடைய முதல் தடுப்பூசியே நான் போட்டதாக இருக்க முடியாது, நான் வேலைக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் அவள் வளைகாப்புக்கு நான் போனேன். ஜூன் 8. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். ராக்கம்மா அக்காவின் ஒரே மகள். "நர்சம்மா கையால வளையல் போட்டா சுகப்பிரசவம்" என்று என்னைத்தான் முதலில் போடச் சொன்னார்கள். பச்சையும் சிவப்புமாகப் போட்டேன். சித்ரான்னம் ஐந்து வகை. ஒரு பெரிய எவர்சில்வர் குடத்தில் குழாய்த் தண்ணீர் வைத்திருந்தார்கள். என் பையில் எனக்குக் காய்ச்சிய தண்ணீர் பாட்டில் இருந்தது.

காய்ச்சிக் குடிங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். ஒரு வீட்டில் சொன்னால் ஊருக்கே தெரியும். டீம் வருகிறது. நான் என் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

ஜூலை பாதியில் அவளுக்கு மஞ்சள் வந்தது. இந்தக் காமாலை மற்றவர்களுக்கு வந்து போய்விடும், கர்ப்பிணியை விடாது. ஒன்பது நாளில் முடிந்துவிட்டது, வயிற்றுப் பிள்ளையோடு. பதினாறு கழிந்து ராக்கம்மா அக்கா சப்-சென்டருக்கு வந்து கேட்டது: "ஏத்தா கனி, தண்ணி கெட்டுக் கெடக்குன்னு ஒரு சொல்லு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எம்புள்ளைய இங்க கூப்புட்டுருக்க மாட்டேனேத்தா. ஒனக்காச்சும் தெரியுமாத்தா?"

"யாருக்கும் தெரியாதுக்கா" என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதது. அது அழுது முடிக்கும்வரை தட்டிக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நிறைவு விழா. வகுப்புப் பிரதிநிதி என்பதால் பொன்னாடைத் தட்டை நான் ஏந்த வேண்டியிருந்தது. டாக்டர் சார் கொஞ்சம் பருத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மைக்கைப் பிடித்து, "இந்தக் கனி என் கண்டுபிடிப்பு. ஒரு கிராமத்து நர்ஸ், இன்னைக்கு உங்க லீடர். நேர்மையா உழைச்சா இதெல்லாம் நடக்கும்" என்றார். கைதட்டல். நான் தட்டோடு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

கேள்வி நேரத்தில் ஷாஹிதா எழுந்தாள். "சார், கிராமம் அ-ல அந்த நர்ஸ் மேல ஆக்‌ஷன் எடுத்தாங்களா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எச்சரிக்கையோட விட்டுட்டோம்மா. பாவம், குடும்பம் குட்டி இருக்கு. தப்பு பண்ணின கீழ் ஊழியர்கிட்ட மேல இருக்கிற நாமதான் பெருந்தன்மையா நடந்துக்கணும்." மறுபடி கைதட்டல். முன்வரிசையில் மேடம் மட்டும் தட்டவில்லை. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன், தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

கார் ஏறும் முன் டாக்டர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முகத்தை ஏன் இப்படி வச்சிருக்க? பழசையெல்லாம் கிளறாத. அந்தப் பதிவேடு இன்னும் ஆபீஸ்லதான் இருக்கு. அதுல இருக்கிறது உன் கையெழுத்து, ஞாபகம் வச்சுக்க." தோளில் தட்டிவிட்டுப் போனார். மூன்று வருடத்துக்கு முன் தட்டிய அதே தோள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், ஆளுக்கொரு லட்டு.

மதியம் புது நோட்டைத் திறந்து மேடத்துக்கான பிரதியை எழுத உட்கார்ந்தேன். நாலாம் தேதியை அப்படியே எழுதினேன். ஐந்தாம் தேதிக்கு வந்தேன். பதிவேட்டு வகுப்பு, சிரிப்பு, கைதட்டல். 'முதல் நோயாளி ஜூன் 15.' கை தயங்காமல் எழுதிவிட்டது. அடுத்த வரிக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் பேனாவை வைத்தேன்.

என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்? ஒன்றைப் பென்சிலாக வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு மை போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை டாக்டர் யாரும் சொல்லவில்லை. நானே கடைக்குப் போய் நோட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

புது நோட்டில் எழுதிய இரண்டு நாளையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, மீதிப் பக்கங்களைப் பாடக் குறிப்பெழுத வைத்துக்கொள் என்று ஷாஹிதாவிடம் கொடுத்தேன். பிறகு அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கிராமம் அ-வின் பெயர் என்ன என்று சொன்னேன். முழுவதும் கேட்டாள். முதலில் டாக்டரைத் திட்டினாள். வளைகாப்புக்கு வந்தபோது திட்டுவதை நிறுத்திவிட்டாள். என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் தேற்றவில்லை. "அவங்க அம்மாவுக்குத் தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

மணி ஒன்பதேகால். பத்துக்கு ஒப்படைக்க வேண்டும்.

மேடம், இது பென்சில் நோட்டு. இதைத்தான் தருகிறேன். படித்துவிட்டு நீங்கள் எங்கே அனுப்ப வேண்டுமோ அனுப்புங்கள். என் கணவரிடம் காலையில் போனில் சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமா என்றார். போகலாம் என்றேன். சரி, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வைப்பது என்று கேட்டார். அவருக்கு அதிர்ச்சி வந்தால் அப்படித்தான் பேசுவார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்திருக்கிறேன். நாலாம் பக்கத்தைப் பாருங்கள். 'ஜூன் 15' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும். பக்கத்தில் ஜூன் 4 என்று எழுதி, ச.க., இன்றைய தேதி. அதே பக்கத்தில் 'அவ்வளவாகப் பழக்கம் இல்லாத குடும்பம்' என்பதையும் அடித்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவள் பெயரை எழுதினேன்.

எட்டாம் தேதிப் பயிற்சிக்கு எங்கள் குழு கொடுத்த விடையை மட்டும் நான் அடிக்கவில்லை. ஒரு பெயர் குறைகிறது, அவ்வளவுதான்.

மேடம், ராக்கம்மா அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த நோட்டு அதற்கு உதவாது. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். மதியம் ஒன்றே முக்காலுக்கு ரயில், இரண்டு நாள் விடுப்புக் கடிதத்தைக் கடைசிப் பக்கத்தில் செருகியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதி, அதையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 'மேலத்தெரு வீட்டுக்குச் செல்லுதல், பதினொரு நாள் பாக்கி' என்று எழுதியிருக்கிறேன்.